பீன்யாவில் செய்த கடல்

உன் சோப்பில் வரும் கடல் வாசனை எந்தக் கடற்பாசியிலிருந்தும் வந்ததல்ல; பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து வந்தது. இது உறுதியான செய்தி. சொன்னவர் மஞ்சுநாத். நான் வேலை பார்த்த வாசனைக் கம்பெனியில் எனக்கு உதவியாளராகச் சேர்ந்து, இன்று அதே பீன்யாவில் சொந்தமாக வாசனைக் கலவைகள் செய்து விற்பவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் போன் செய்தேன். "மேடம், அது நிம்ம பேஸ்தான் மேடம். நீங்க போட்ட அதே கலவை. நான் ஒண்ணும் மாத்தலே" என்றார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று, அதில் கேலோன் என்ற செயற்கை வாசனைப்பொருள் உண்டா என்று தனியாகக் கேட்டேன். "அது இல்லாமே எப்படி மேடம் கடல் ஆகும்?" என்று சிரித்தார். உன் அப்பா பத்திரிகையில் செய்தியாளராகவே இருந்து ஓய்வு பெற்றவர். உறுதியானதை முதலில் சொல், யார் சொன்னது என்று சொல், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த வீட்டுக்குச் சோறு போட்ட விதி. அதனால்தான் நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது.

சனிக்கிழமை கூரியரில் வந்த உறைக்குள் உன் சோப்பு ஒன்றும், அதன்மேல் ஒட்டப்போகும் லேபிளின் மாதிரி ஒன்றும் இருந்தன. சோப்பை முகர்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மூக்கை மட்டும் சாட்சியாக வைத்துப் பேச விரும்பாமல்தான் ஒரு நாள் பொறுத்து மஞ்சுநாத்தைக் கேட்டேன். லேபிளில் நான் இருக்கிறேன். பட்டுச்சேலை, தலை கொள்ளாத மல்லிகை, முன்னால் ஓர் அம்மிக்கல், அதன்மேல் ஏதோ பச்சைப் பாசி. போன மாதம் போட்டோகிராபரை அழைத்துவந்து, "சும்மா ஒரு படம்மா, நல்லா இருக்கும்" என்று சொல்லி நீ எடுத்த படம். அம்மிக்கும் எனக்கும் உள்ள உறவு கல்யாணத்தன்று அதை மிதித்ததோடு முடிந்தது என்பது உனக்குத் தெரியாததல்ல. படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாய்: நூறு சதவீதம் இயற்கை, ஆழ்கடல் பாசியின் வாசனை, மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். நாம் பேசியதை இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று நீ சொல்லக் கூடாது. "லேபிள் பார்த்தியாம்மா? எப்படி வந்திருக்கு?" என்றாய். "யாருடா அந்த மூணு தலைமுறை? எங்கப்பா விதான சௌதால ஃபைல் பார்த்தவரு. எங்கம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ராத்திரி பகலா 'நம்பர் ப்ளீஸ்' சொன்னவங்க. இதுல பாசி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன். "அது மார்க்கெட்டிங்மா. எல்லாரும் பண்றதுதான்." "உள்ள இருக்கிறது என்னன்னு தெரியுமா உனக்கு?" "தெரியும். கெமிக்கல்னு போட்டா ஒரு சோப்பு விக்காதும்மா. ஜனங்க அந்த வார்த்தையைப் பார்த்ததும் எடுத்த இடத்துலயே திரும்ப வச்சிடுவாங்க" என்றாய். "தண்ணியும் கெமிக்கல்தான். அதையும் எடுத்துடு, வெறும் டப்பாவை வித்துடு" என்றேன். "அம்மா, ப்ளீஸ், கிளாஸ் எடுக்காதே. வெள்ளிக்கிழமை நீ வந்து சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்தாப் போதும்" என்று சொல்லி, வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதன் ஒரு பிரதியை நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டுமலருக்கும் கொடுத்திருக்கிறேன். அதில் உன் பெயரும் இல்லை, சோப்பின் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் பிள்ளைகள் பெற்றவர்களின் வேலையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது உனக்கும் எனக்கும் மட்டுமான விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் பக்கம் என்ன பணயத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நல்ல சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, பொம்மனஹள்ளியில் ஷெட் எடுத்து, நான்கு பெண்களை வேலைக்கு வைத்து, இரண்டு வருஷமாகச் சோப்புக் காய்ச்சுகிறாய். பெரிய கடைத்தொடர் ஒன்று அதைத் தன் கிளைகளில் வைக்கலாமா என்று யோசிக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர்களைச் சந்திக்கிறாய். 'லேபிளில் இருக்கும் அம்மா'வை நேரில் பார்க்க அவர்கள் ஆசைப்படுகிறார்களாம். இந்த ஆர்டர் வரவில்லையென்றால் ஷெட்டை மூட வேண்டியிருக்கும் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். தெரியாத கிழவி ஏதோ பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படிக்காதே.

நீ பாசி என்று எழுதியிருக்கும் அந்தக் கேலோன் என் கைக்கு எப்படி வந்தது என்பதை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு, வெளிநாட்டுச் சரக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாக எளிதாகிக்கொண்டிருந்த வருஷங்கள். அதுவரை எங்கள் கம்பெனியில் ரோஜா, சந்தனம், மல்லிகை, தாழம்பூ, இவைதான். ஊதுவத்திக்காரர்களும் பவுடர்காரர்களும் கேட்பது அதைத்தான். எங்கள் முதலாளி, நீ ராவ் அங்கிள் என்று கூப்பிட்டவர், ஒரு நாள் பம்பாய் ஏஜெண்டிடமிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிச் சீசாவை வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். உள்ளே வெள்ளைப் பொடி, பொடித்த சர்க்கரை போல. "வெளிநாட்டுல இப்ப எல்லாரும் சமுத்திரம் சமுத்திரம்னு சாகறாங்கம்மா. எல்லா புதுப் பாட்டில்லேயும் இதுதான் இருக்காம். என்னன்னு நோடு, பாரு" என்றார். அறுபதுகளில் ஏதோ மருந்துக்கான ஆராய்ச்சி நடந்த ஆய்வகத்தில் இது கிடைத்ததாகவும், பல வருஷம் யாரும் இதைப் பெரிதாகச் சீண்டவில்லை என்றும் பிறகு படித்தேன். அன்று எனக்கு எதுவும் தெரியாது. மூடியைத் திறந்தேன். தர்பூசணி. ஆனால் தர்பூசணியின் சிவப்பு அல்ல. சிவப்பு முடிந்து பச்சைத் தோல் தொடங்குவதற்கு முன்னால், நாம் தின்னாமல் எறிகிற அந்த வெள்ளைப் பகுதி. அதற்குப் பின்னால் ஈரமான இரும்பு. அதற்கும் பின்னால் சிப்பியை உடைத்தால் வருவது போன்ற ஓர் உப்புக் கவிச்சி. திறந்த சீசாவை மூடுவதற்குள் அறை முழுக்கப் பரவிவிட்டது. மத்தியானம் எல்லோருடைய தயிர் சாதமும் தர்பூசணி வாசனையோடு இருந்தது. சாப்பிட்டவர்கள் என்னைத் திட்டியது நியாயம்தான்.

அதை அடக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அடக்க என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது கூட்டத்தில் உரக்கப் பேசுகிற ஆளைப் போன்றது. சிட்டிகை கூடினால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அது மட்டும் நிற்கும், சந்தையில் வெயிலில் கிடந்த பழம் போல நாறும். குறைத்தால் இருக்கும் இடமே தெரியாது. எந்த அளவில் அது பழமாக இல்லாமல் காற்றாக மாறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பாட்டிலில் அடைக்கும் பிரிவில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள், கடலூர்ப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பட்டையை முகரக் கொடுத்தேன். "இது என்னக்கா?" என்றாள். "கடல்." அவள் சிரித்த சிரிப்பில் மற்றப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "எங்க ஊரு கடலு இப்படி வாசம் அடிச்சா மீனெல்லாம் கரைக்கு வந்து வாந்தி எடுக்கும்க்கா!" "உங்க ஊரு கடலை யாரு காசு குடுத்து வாங்குவா? கருவாட்டு பவுடரா போடச் சொல்றே?" என்று நானும் விடவில்லை. எங்கள் சண்டை வாரக்கணக்கில் நடந்தது. அவளுக்குத் தெரிந்த கடலை அவளிடமே விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது அது அல்ல. ஏப்ரல் மாதத்தில் தும்கூர் ரோட்டுத் தூசியில் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து, செருப்பை உதறிவிட்டு, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டதும் வருமே ஒரு நிமிஷம், அது. கடலே இல்லாத ஊரில், கடலுக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு ஒரு கடல். அதை எந்தப் பாசியைப் பிழிந்தும் எடுக்க முடியாது. அந்த மூலக்கூறு செடியிலோ பாசியிலோ இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை. அது மனிதர்கள் செய்தது. அதை ஒரு வாசனையாகக் கட்டியது நான்.

இந்த வேலைக்காக நான் என்னென்ன விட்டேன் என்று பட்டியல் போட மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், உன் லேபிளில் அது பொய்யாகியிருப்பதால். முகர்ந்து பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் வேலை நாட்களில் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, வாசனைத் தேங்காய் எண்ணெய் கூடாது. மூக்குக்கு முன்னால் சொந்த வாசனை எதுவும் நிற்கக் கூடாது. இது யாரும் எழுதி ஒட்டிய விதியல்ல, வேலையின் மரியாதை. வேலையில் சேர்ந்த புதிதில், கல்யாணமாகி மூன்று வருஷமான ஒருத்தி தினமும் வெறுந்தலையோடு பஸ் ஏறினால் நம் தெரு சும்மா இருக்குமா? கீழ்வீட்டு அம்மாள் என்னை நிறுத்தி, "ஏம்மா, வீட்டுக்காரரு சௌக்கியமா இருக்காரில்ல?" என்றே கேட்டுவிட்டார். உன் அப்பா பின்னால் வந்து, "இப்போதைக்கு இருக்கேன் மாமி" என்றார். அதற்குப் பிறகு கனகாம்பரம் வைக்க ஆரம்பித்தேன். அதற்கு வாசனை கிடையாது. தெருவுக்குப் பூவும் ஆயிற்று, மூக்குக்குத் தொந்தரவும் இல்லை. என் பணிக்காலம் முழுக்க என் தலையில் இருந்தது கனகாம்பரம். நீ என் தலையில் மல்லிகையை வைத்துப் படம் எடுத்து, இவள்தான் இதைச் செய்தாள் என்று போடுகிறாய். அந்த மல்லிகையோடு நான் என் மேஜைக்குப் போயிருந்தால் ஒரு சொட்டு வேலைகூட நடந்திருக்காது.

உனக்குத் தெரியாத இன்னொரு கதை பிரெஞ்சுக்காரருடையது. எங்கள் கம்பெனிக்குப் பிரான்ஸில் ஒரு வாசனை நிபுணர் இருந்தார். வெள்ளைத் தாடி, மூன்று பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசகர், ராவ் அங்கிளுக்காக மட்டும் பெங்களூருக்கு ஃபார்முலா அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. வாங்க வருகிறவர்களிடம் ராவ் அங்கிள் அவரைப் பற்றி விவரிக்கும்போது நான் அந்த அறையிலேயே நோட்ஸ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில சமயம் என்னையே காபி கொண்டுவரச் சொல்வார்கள். என் கடலை முதலில் வாங்க வந்தது பம்பாய்ச் சோப்புக் கம்பெனி ஒன்று. வந்தவர் முகர்ந்தார், பிடித்துப்போனது, ஆனால் தித்திப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார். "உங்க பிரெஞ்சுக்காரரைக் குறைக்கச் சொல்லுங்க. எத்தனை நாள் ஆகும்?" ராவ் அங்கிள் கண்ணை மூடி யோசித்து, "பதினைஞ்சு நாள். அவரு அங்கேர்ந்து அனுப்பணும், கஸ்டம்ஸ் இருக்கு" என்றார். பிறகு இருவரும் சாப்பிடப் போனார்கள். நான் என் மேஜைக்குப் போனேன். தித்திப்பு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், வைத்தவள் நான்தானே. அவர்கள் பீடா மென்றுகொண்டு திரும்பி வந்தபோது புதுப் பட்டையை அவர் முன்னால் நீட்டினேன். "பிரான்ஸ்லேர்ந்து வந்தாச்சு சார்" என்றேன்.

அவர் முகர்ந்தார். ராவ் அங்கிளைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார். "இது யார் பண்ணினது?" என்று என்னைக் கேட்டார். "நான். முதல்ல முகர்ந்தீங்களே, அதுவும் நான்தான். பிரெஞ்சுக்காரர்னு யாரும் இல்லை" என்றேன். அவர் சிரித்து, கைகொடுத்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டு, அதே சிரிப்போடு ராவ் அங்கிள் பக்கம் திரும்பினார். "அப்போ ரேட்டும் பீன்யா ரேட்டுதானே, ராவ் சாப்?"

அன்று பேரம் அப்படித்தான் படிந்தது. அவர் போனதும் ராவ் அங்கிள் என்னைக் கத்திய கத்தலில் வாட்ச்மேன் உள்ளே வந்துவிட்டார். "ஏனம்மா, அரை நாள் வாயை மூடிட்டு இருந்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" "அவரு முகர்ந்தது மாறலையே சார். பேருதானே மாறிச்சு?" "அந்தப் பேருக்குத்தானம்மா துட்டு!" அவர் சொன்னது உண்மை. அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு இல்லை. உன் அப்பாவிடம் சொன்னபோது, "நீ சொன்னது சரியான செய்திதான். அதுக்காக முதல் பக்கத்துலயே போட்டுடறதா?" என்றார். நான் சொல்லவருவது இதுதான்: உண்மையைச் சொன்னால் விலை குறையும் என்பதை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீ மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட்டேன். மறுபடி என்னை அந்த அறையில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன். அதே குரலில் சொல்வேன்.

இப்போது உன் கோபத்துக்கு வருகிறேன். நீ ஏன் அந்தப் பெயரை மறைக்கிறாய் என்பதற்கு மார்க்கெட்டிங் மட்டும் காரணமல்ல என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதுகிறேன். கேலோன் துணியில் ஏறினால் லேசில் இறங்காது. என் சேலையில், கைப்பையில், உன்னை அணைத்துத் தூக்கினால் உன் யூனிஃபார்மில், உன் புத்தகப் பையில். ஸ்கூல் வேனில் நீ ஏறினால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "கல்லங்கடி பந்த! கல்லங்கடி பந்த!" என்று கத்துவார்கள். தர்பூசணி வந்துவிட்டது என்று. கன்னடத்தில் நீ முதலில் வெறுத்த வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள், "நீ வராதேம்மா, அப்பா வரட்டும்" என்றாய். நான் வந்தேன். வேலையிலிருந்து நேராக, அதே சேலையோடு. உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி ஆள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். பின்வரிசையில் உன் சிநேகிதர்கள் கிசுகிசுத்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும், நீ கண்டக்டருக்கு அருகே போய் நின்றாய். இறங்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் அம்மாக்கள் மன்னிப்புக் கேட்பார்கள். நான் கேட்கப் போவதில்லை. நான் அன்று குளித்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம்தான். ஆனால் வேலை செய்துவிட்டு வரும் உடம்பில் வேலையின் வாசனை இருப்பதில் ஒளித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அன்றும் எனக்குப் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அடுத்த வருஷமும் வந்தேன். அதற்கடுத்த வருஷமும் வந்தேன். நீ பத்தாவது முடிக்கும்வரை ஒரு கூட்டத்தைக்கூட நான் விட்டதில்லை. எட்டாவதில் ஒரு தடவை உன் வகுப்பு ஆசிரியை, "இவங்க வர்றது வராண்டால வரும்போதே தெரிஞ்சிடும்" என்று சொல்லிச் சிரித்தபோது, நீயும் கொஞ்சம் சிரித்தாய். நான் பார்த்தேன்.

மஞ்சுநாத் ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் சொன்னார். அதை எழுதாமல் விட்டால் செய்தி பாதியாகிவிடும். நீ அவரிடம் கலவை வாங்கப் போனபோது அவர் உனக்குச் சில மாதிரிகள் காட்டியிருக்கிறார். எலுமிச்சை, வெட்டிவேர், லாவெண்டர். எல்லாம் இயற்கை எண்ணெய்கள்தான். நீ லேபிளில் நூறு சதவீதம் இயற்கை என்பதைப் பொய்யில்லாமல் எழுதியிருக்கலாம். நீ ஒவ்வொன்றாக முகர்ந்து தள்ளிவிட்டாயாம். "அப்புறம் உங்க மகன் கேட்டாரு மேடம், 'எங்கம்மா சாயந்திரம் வீட்டுக்குள்ள வரும்போது ஒரு வாசனை வரும், அது உங்ககிட்ட இருக்கா?'ன்னு. நான் பழைய பேஸை எடுத்துக் குடுத்தேன். முகர்ந்து பார்த்து, 'இதே போதும்'னு எடுத்துக்கிட்டாரு மேடம்." இதைச் சொல்லும்போது மஞ்சுநாத்தின் குரல் இறங்கிவிட்டது. நானும் நெகிழ்ந்துபோவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது. உலகத்தில் இருக்கும் அத்தனை பூவையும் புல்லையும் தள்ளிவிட்டு என் வேலையைத் தேடிப் போய் எடுத்திருக்கிறாய். எடுத்துவந்து அதன்மேல் பாசி என்று எழுதுகிறாய். ராவ் அங்கிள் என் வேலையைத் தாடி வைத்த ஓர் ஆளுக்குக் கொடுத்தார். நீ அதைக் கடலுக்கே கொடுத்துவிட்டாய். இரண்டு பேருமே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்தீர்கள். ராவ் அங்கிளாவது என்னை அம்மியின் முன்னால் உட்காரச் சொன்னதில்லை.

இயற்கை என்ற சொல்மேல் எனக்கு விரோதம் இல்லை. உன் தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய், முகர்ந்தாலே தெரிகிறது, அதைச் சொல். சோப்பை நாற்பது நாள் காயவைக்கிறாய், அவசரப்படுவதில்லை, அதைச் சொல். ஆனால் செயற்கை என்றால் கேவலம் என்று நீ நம்பும் அந்த இடத்தில்தான் நான் உன்னோடு மோதுகிறேன். எட்டிக்காயும் இயற்கைதான், தின்று பார். ஒரு பொருள் மண்ணில் முளைத்ததா குடுவையில் பிறந்ததா என்பதல்ல கேள்வி. அது என்ன, எவ்வளவு போட்டாய், யார் தோலில் படப்போகிறது, அவர்களிடம் அதைச் சொன்னாயா, அதுதான் கேள்வி. எனக்கு வேதியியல் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். நீ கம்ப்யூட்டர் படித்தாய், உனக்கு அங்கே வேறு ஏதாவது கற்றுக்கொடுத்திருக்கலாம். ஆனால் உன் ஷெட்டில் வேலை செய்யும் அந்த நான்கு பெண்கள் என்னைப் போல உன் கலவையின் வாசனையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கேட்டால் அவர்கள் என்ன சொல்ல வேண்டும்? பாசி என்றா?

ஆகவே என் நிலை இது. மல்லிகையும் அம்மியும் வைத்த படத்தை அச்சிட நான் சம்மதிக்கவில்லை. என் முகம் வேண்டுமென்றால் என் வேலையோடு போடு. என்ன எழுத வேண்டும் என்றும் சொல்கிறேன், வார்த்தைகளை நீ திருத்திக்கொள்ளலாம்: "எண்ணெய் தென்னையிலிருந்து. கடல் வாசனை ஆய்வகத்திலிருந்து. அதைச் செய்தவர் என் அம்மா, பீன்யா, பெங்களூர்." இதைப் படித்து ஒருத்தர் சோப்பைத் திரும்ப வைக்கலாம். வைக்கட்டும். இன்னொருத்தர், யாரடா இந்த அம்மா என்று எடுத்துப் பார்க்கலாம். கடைக்காரர்கள் பீன்யா ரேட் கேட்கலாம். கேட்டால் கொடு, அல்லது கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வா. ஷெட்டை மூட வேண்டிவந்தால் மூடுவோம். உன் அப்பாவும் நானும் இருக்கிறோம், நீ வேறு ஒன்று ஆரம்பிப்பாய், வயது இருக்கிறது. கடைக்காரர்களிடம் சொன்ன பொய்யைக் காப்பாற்றவே மீதி வருஷங்களைச் செலவழிக்கும் ஒரு தொழிலை நீ நடத்துவதை மட்டும் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது.

"அம்மா இப்படிப் பண்ணுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்க மாட்டேன்" என்று நீ அப்பாவிடம் நேற்று சொன்னாயாம். இனி கூப்பிடாவிட்டாலும் வருவேன். முதலில் கூப்பிட்டது நீ. அழைப்பைத் திரும்ப வாங்கும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது.

இன்னும் தெரியாதவை இரண்டு. லேபிள் அத்திபெலே அச்சகத்துக்கு வியாழக்கிழமை மத்தியானம் போகிறது என்று உன் அப்பா சொல்கிறார்; எந்த லேபிள் போகும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைத்தொடரின் முடிவு வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் பிறகு, அடுத்த வாரத்துக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறாய். நான் என்ன சொல்வேன் என்பதில் மட்டும் நிச்சயமின்மை எதுவும் இல்லை. அந்த மேஜையில் எந்த லேபிளோடு சோப்பு இருந்தாலும், "இந்த வாசனையை நீங்களா செய்தீங்க?" என்று அவர்கள் என்னைக் கேட்டால், ஆமாம் என்று சொல்லி, எதைக் கொண்டு என்பதையும் சொல்வேன். கூட்டம் பதினோரு மணிக்கு. பத்தே முக்காலுக்கு வாசலில் இருப்பேன்.

அம்மா